கன்னத்தில் ஒட்டிய நூல்

நூல் குறைந்திருந்தது.

வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் இருபது வருடத் தையல்காரி, கண்ணாலேயே அளவு சொல்லிவிடுவாள். காலையில் அவள் மூக்கிலிருந்து தொங்கிய இரண்டு நூல்களையும் டாக்டர் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியபோது நாலு விரல் நீளம். இப்போது கண்ணாடியில் இரண்டு விரல்தான். பிளாஸ்திரி அசையவில்லை, நூல் மட்டும் அதன் அடியிலிருந்து நழுவியிருந்தது.

விடியும்போதே மூக்கில் ரத்தம். குனிந்து உட்கார்ந்து மூக்கை இறுக்கிப் பிடித்தும், ஐஸ் வைத்தும் நிற்காமல் ஒரு துண்டையே நனைத்துவிட்டது. டாக்டர் மூக்கும் உதடும் மரத்துப்போக மருந்து அடித்து, இரண்டு துவாரத்திலும் பஞ்சைத் திணித்தார்.

"கத்தியும் வேண்டாம், தையலும் வேண்டாம்மா. ரெண்டு நாள் இப்படியே இருக்கட்டும். அதுவரைக்கும் வாயாலதான் மூச்சு. பஞ்சு தொண்டைக்குள்ள போயிடாம இருக்கத்தான் இந்த நூல், தொட்டுடாதீங்க."

வாய் ஒன்றுதான் வழி. அவள் அங்கேயே வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க, நூல் உள்ள போகுதுங்க."

"மூக்குல இருக்கிற நூலையும் அளக்கணுமா உனக்கு? பேசாம படு," என்று கணவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். கதவு சாத்தும் சத்தம். குழாய்ச் சத்தம்.

படுத்தாள். ஜன்னல் வழியே நல்ல வெயில் அடித்தது, நாக்கில் துருப்பிடித்த இரும்பின் சுவை, குழாய் நீரின் இரைச்சலுக்கு அடியில், தலைக்குள்ளே எங்கேயோ, அவளுக்கு நன்றாகப் பழகிய இன்னொரு சத்தம் மெல்லக் கேட்டது. நூல் துணிக்குள் இழுபடும் சத்தம். ஒரு இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு. புடவை ஓரம் அடிக்கும்போது அவள் கை போகும் அதே வேகம். அவள் தைத்ததைப் பிரிப்பதற்குள் துணியே கிழிந்துவிடும் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள்.

வாயில் மூச்சு விசிலடித்தது.

எழுந்து கண்ணாடிக்கு ஓடினாள். வலது கன்னத்தில் நூலே இல்லை. இடது கன்னத்தில் அரை விரல்.

வாயைத் திறந்தாள். பாதிதான் திறந்தது. மருந்தில் மரத்த உதட்டில் வலி இல்லை. விரலால் பிதுக்கிப் பார்த்தாள். உள்பக்கமாகத் தையல். பொடிப்பொடியாக, ஒரே அளவில், வெளியே தெரியாதபடி. அவள் போடுகிற தையலேதான்.

இடது ஓரத்தில் பித்தான் ஓட்டை அளவுக்கு இடைவெளி. அதில்தான் உயிர். ஐயோ, அதில்தான்.

கத்தரிக்கோலை எடுத்தாள். கன்னத்தில் மிச்சமிருந்த நூல் ஊர்ந்தது. நுனி மூக்குக்குள் போனது. ஒரு இழுப்பு.

குழாய் நின்றது.

"என்ன, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?"

அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கத்தரிக்கோலின் நுனி மூடிய உதட்டின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேடிக்கொண்டிருந்தது. நுழைய இடமே இல்லை.