தியேட்டருக்கு அடியில் ஒரு கூடம்

“ஐயோ... காலை எடுங்க!”

பழைய தியேட்டருக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவளுக்குக் கிடைத்த வரவேற்பு அது. குனிந்து பார்த்தாள். இருக்கைகளைப் பிடுங்கிய தரையில் ஒரு பெரிய பள்ளம்... அதற்குள் தலைமுதல் கால்வரை புழுதியாக ஒருவன். கண்கள் மட்டும் கோபமாக, பளிச்சென்று, கொள்ளை அழகாக!

“இது என் சைட். நான் இன்ஜினியர். நீங்க யாரு?”

“தொல்லியல் துறை. இந்தக் கட்டடத்துக்குக் கீழே ரொம்பப் பழைய கட்டடம் ஒண்ணு இருந்திருக்கு. மரத்தூண் நட்ட கூடம்.”

“எங்கே? எனக்கு மண்ணுதான் தெரியுது.”

அவன் முகம் வாடியது. “எனக்கும் இதுவரைக்கும் அதான் தெரியுது...”

சிரிப்பை அடக்க அவள் படாத பாடு பட்டாள். மண்ணாங்கட்டி என்று மனசுக்குள் பெயரே வைத்துவிட்டாள்.

ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. அவனுக்கு அன்று மாலைவரைதான் அனுமதி. அதற்குள் தடயம் கிடைக்காவிட்டால் பள்ளத்தில் கான்கிரீட் இறங்கும். அவளுக்கோ, அப்பாவின் கட்டுமானக் கம்பெனியில் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை. “தள்ளிப்போச்சுன்னா அண்ணன்கிட்ட கொடுத்துடுவேன்” என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார்.

மதியம் போனால் போகிறதென்று அவனுக்கும் ஒரு டீ கொண்டுபோனாள். அவன் விளக்கினான். தூண் மக்கிப்போனாலும் அது நின்ற குழியில் மண்ணின் நிறம் மாறியிருக்குமாம். நனைத்தால் கறுத்துத் தெரியுமாம். ஆனால் இந்த முனையை நனைப்பதற்குள் அந்த முனை காய்ந்துவிடுகிறதாம்... அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன் டீ ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை. உனக்கு என்னடி ஆச்சு... என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. கூரையைக் கழற்றியிருந்ததால் தியேட்டருக்குள்ளேயே கொட்டோ கொட்டென்று கொட்டியது. விட்டதும் வாசலில் கான்கிரீட் லாரி ஹாரன் அடித்தது. அவன் கருவிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

கூரைச் சட்டத்தைப் பார்க்கச் சாரத்தில் ஏறியவள் தற்செயலாகக் கீழே பார்த்தாள். பழுப்பு மண்ணில் வட்டம் வட்டமாகக் கறுப்பு... ஒரு வரிசை, எதிரே இன்னொரு வரிசை! பள்ளத்துக்குள் நிற்கிறவனுக்கு அது தெரியவில்லை. வேறு யாரும் பார்க்கவும் இல்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை அவள் கையைவிட்டுப் போகாது.

அவனுடைய குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எப்படி வாயை மூடுவது?

“லாரியை உள்ளே விடாதீங்க! ஏங்க... நீங்க மேலே ஏறி வாங்க, சீக்கிரம்!”

சாரத்தின் குழாயைக் கட்டிப்பிடித்தபடி ஏறி வந்தான். பார்த்தான். “கூடம்... முழுக் கூடமும் இருக்கு!” என்று கத்தினான். கண்ணில் தண்ணீர்.

லாரியோடு வந்த அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். “யாரைக் கேட்டு நிறுத்தினே?”

“யாரையும் கேக்கலைப்பா. அண்ணனுக்குக் கொடுக்கறதுன்னா கொடுத்துக்குங்க... ஆனா இதுமேல கான்கிரீட் விழாது. ஓரத்துல தூண் நிறுத்தித் தரையைத் தூக்கிக் கட்டலாம். என்னால முடியும்!”

அப்பா பால்கனிக்கு ஏறிப் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “நீயே வரைஞ்சு கொண்டா. லாரியை நான் திருப்பி அனுப்பறேன்.”

ஜெயித்துவிட்டாள்! சாரம் என்று பார்க்காமல் துள்ளியிருப்பாள்... அவன் குரல் தடுத்தது.

“கொஞ்சம் இருங்க... எனக்கு உயரம்னா பயம். இதைச் சொல்றதுக்கு அதைவிடப் பயம். ரெண்டையும் இங்கேயே முடிச்சுக்கறேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“குழாயை விட்டுட்டு என் கையைப் பிடிச்சுச் சொல்லுங்க.”

விட்டான். பிடித்தான். சொன்னான்.

“எனக்கும்தான்...” என்றாள் அவள். “நீங்க என்னைத் திட்டினப்போவே!”