குடும்ப எடை

வெள்ளிக்கிழமை காலையில் எடை போட்டு முடிக்கும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் காபி கிடையாது. விண்வெளியில் இருக்கும் வளையத்துக்குக் குடிபோகப் பதிவு செய்திருக்கும் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ஒரு டம்ளர் காபி நூற்றைம்பது கிராம் அல்லவா? கூடத்தின் கூரையில் ஊஞ்சலுக்காகப் போட்ட கொக்கியில் கைத்தராசை மாட்டுவேன். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கருவிதான், ஆனால் இருநூறு கிலோ தாங்கும். முதலில் பெட்டிகளைத் தொங்கவிடுவோம். பிறகு நாங்கள் தொங்குவோம்.

நாங்கள் என்றால் நான், என் மனைவி சுகிர்தா, பன்னிரண்டு வயது மகள் நறுமுகை. தராசோடு கித்தான் இருக்கை ஒன்றும் தந்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொருவராக உட்கார்ந்து, கால் தரையில் படாமல் பத்து நொடி ஆடாமல் இருக்க வேண்டும். என் தொப்பையோடு அது அத்தனை சுலபமில்லை.

பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் வளையத்தில் முப்பதாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் சுகிர்தாவுக்கு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகலாம். ஆனால் ஆளுக்கு அறுபது என்று மூன்று பேருக்கும் சேர்த்து நூற்றெண்பது கிலோதான். உடம்பும் பெட்டியும் அதற்குள் அடங்க வேண்டும். விண்கலம் புறப்படும் ஏற்றுத்தளத்தில் போடும் கடைசி எடையில் நூறு கிராம் கூடினாலும் அந்தப் பயணம் ரத்து. அடுத்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். அதுவரை சுகிர்தாவின் நாற்காலி காத்திருக்காது.

இதில் இன்னொரு விதி உண்டு. பெட்டியின் எடையைத் தராசு பளிச்சென்று காட்டும். ஆளின் எடையைக் காட்டாது. மூன்று பேரும் தொங்கி இறங்கிய பிறகு கூட்டுத்தொகையை மட்டும் காட்டும். யார் எத்தனை கிலோ என்று தெரிந்தால் வீட்டுக்குள் அடிதடி வரும் என்பதால் அரசாங்கம் செய்த ஏற்பாடு. முதல் வருஷம் அப்படி நிறைய வந்ததாம். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

என் சிக்கல் கேரம் பலகை. எட்டு கிலோ நானூறு கிராம். பர்மா தேக்குச் சட்டம். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அதுதான். வளையத்தில் எல்லாம் கிடைக்கும், மரம் மட்டும் கிடைக்காது. துணிமணி, மருந்து, மற்ற எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோதான். ஜூன் மாதம் பலகையையும் சேர்த்துப் போட்டபோது மொத்தம் நூற்று எண்பத்து மூன்று கிலோ அறுநூறு வந்தது. மூன்று கிலோ அறுநூறு அதிகம்.

"பலகைய மூணாம் வீட்டு ராயப்பன் அண்ணன்கிட்ட குடுத்திருங்க" என்றாள் சுகிர்தா.

"நான் குறைச்சிக் காட்டுதேன், பாரு. சாயங்காலம் பஜ்ஜிய நிப்பாட்டிட்டா போதும்" என்றேன்.

"நீங்க குறைக்கதுக்குள்ள அவ வளந்திருவா. வளர்ற பிள்ளை."

"ஆமா, அவ மாசம் அரைக் கிலோ ஏறுதா. நமக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு" என்று நான் சலித்துக்கொண்டேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். நறுமுகை அப்போது பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் ஆச்சரியம் ஆரம்பித்தது. அடுத்த வெள்ளி முந்நூறு கிராம் இறங்கியது. அதற்கடுத்த வெள்ளி நானூறு. ஆகஸ்டு பிறந்தபோது இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. நான் கூடத்தில் குதித்தேன். "பாத்தியளா, அப்பாவோட நடைப்பயிற்சிய!" என்று மார் தட்டினேன். நறுமுகையும் கைதட்டிச் சிரித்தாள். தெருமுனை வரை நடந்து பஜ்ஜிக் கடையில் நின்றுவிட்டுத் திரும்புவதை நடைப்பயிற்சி என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

நேற்றைய வெள்ளியில் மொத்தம் நூற்று எழுபத்தொன்பது கிலோ எழுநூறு. பலகையோடு சேர்த்து! இன்னும் முந்நூறு கிராம் மிச்சம். அந்தச் சந்தோஷத்தில் புதுக் கால்சட்டையை எடுத்து மாட்டினேன். பொத்தான் போட முடியவில்லை. ஜூனில் தைத்தது, அப்போது சரியாக இருந்தது.

குழப்பமாக இருந்தது. சுகிர்தாவிடம் கேட்டேன்.

"நீ ரகசியமா பட்டினி கிடக்குதியா?"

"உங்க பலகைக்கு நான் எதுக்குப் பட்டினி கிடக்கணும்? என் ஜாக்கெட் எல்லாம் அப்படியேதான் இருக்கு."

அப்படியானால் தராசுதான் பழுது. ஏற்றுத்தளத்தில் போய் மாட்டிக்கொண்டால் மானம் போய்விடும். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தொங்கவிட்டேன். மிகச் சரியாக ஒரு கிலோ காட்டியது. ஐந்து பாக்கெட்டைச் சேர்த்துத் தொங்கவிட்டேன். ஐந்து கிலோ. வளையத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் பிறகு வேண்டாமென்று விட்ட ராயப்பனின் தராசை வாங்கி வந்து பெட்டிகளைப் போட்டேன். அதே எடை, பத்து கிராம்கூட வித்தியாசமில்லை.

"பெட்டிய சரியாத்தான காட்டுது அண்ணாச்சி? அப்புறம் ஆள மட்டும் எப்படித் தப்பாக் காட்டும்?" என்றார் ராயப்பன்.

"அதான் எனக்கும் ஓடல."

"ஆளையும் பெட்டி மாதிரியே போட்டுப் பாத்திர வேண்டியதுதான? பெட்டிப் பொத்தான அமுக்கிட்டுத் தொங்குங்க. மனுசனா, மூட்டையான்னா அது பாக்கப் போகுது?"

சட்டப்படி அது குற்றம். ஆனாலும் இன்று காலை நறுமுகை சிறப்பு வகுப்புக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு நான் பெட்டியாகத் தொங்கினேன். எழுபத்தொரு கிலோ அறுநூறு. சிரித்துக்கொண்டே சுகிர்தாவும் தொங்கினாள். அவள் ஐம்பத்தொன்பது. இருவரும் சேர்ந்து நூற்று முப்பது கிலோ அறுநூறு. எனக்கு இன்னும் விளங்கவில்லை. இதில் குறைந்தது எங்கே?

சுகிர்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பலகையும் பெட்டிகளும் போக, நேற்று மூன்று பேரின் கூட்டுத்தொகை நூற்று அறுபத்திரண்டு கிலோ முந்நூறு. அதிலிருந்து எங்கள் இருவரையும் கழித்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பள்ளி மருத்துவ அட்டையைத் தேடி எடுத்தாள். ஜூன் மாதம் நறுமுகை முப்பத்தாறு கிலோ இருநூறு இருந்திருக்கிறாள். இப்போது முப்பத்தொன்று எழுநூறு.

"நாலரைக் கிலோ" என்றாள் சுகிர்தா. "பிள்ளை உயரமாகுதா, அதான் ஒல்லியாத் தெரியுதான்னு நாந்தான சொன்னேன். நாந்தான சொன்னேன்..."

அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. இந்தக் கூடத்தில் நின்று நான் குதித்த குதியெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

மத்தியானம் நறுமுகை வந்தாள். பையைத் திறந்து பார்த்தேன். சாப்பாட்டு டப்பா கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"யாருக்குக் குடுத்த?" என்று கேட்டேன்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். "கிளாஸ்ல ஒவ்வொருத்தருக்கா குடுத்திருவேன்பா. எல்லாருக்கும் அம்மா சமையல் பிடிக்கும்."

"எதுக்கும்மா? ஏன் இப்படிப் பண்ணுன?"

"நாம சேத்துத்தானப்பா நூத்தியெம்பது? பலகை குறையாதுல்ல. நான் குறையலாம்ல." கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். "இன்னும் மூணு வாரந்தான இருக்கு. வளையத்துக்குப் போயிட்டா அப்புறம் சாப்பிட்டுக்கிடுவேன்."

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? எங்கே தப்பு நடந்தது என்று தேடினால் எல்லாம் சரியாகவே இருந்தது. தராசு சரி. அவள் கணக்கும் சரி. எடையை மறைத்து வைத்த சட்டம்கூட எங்கள் நன்மைக்குத்தான். நான் மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு முன்னால் நின்று குதித்திருக்கிறேன்.

பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ராயப்பனின் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு வந்தேன். அவர் காரணம் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வந்தபோது சுகிர்தா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நறுமுகையின் தட்டில் ஒரு தோசை இருந்தது. அதை அவள் விரலால் தடவிக்கொண்டிருந்தாளே தவிரப் பிய்க்கவில்லை.

"பலகை இனி நம்மளோட வராது. எனக்கு அது வேண்டாம். நீ பயப்படாம சாப்பிடும்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொல்வதை நம்பினாள், அது தெரிந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"அப்ப நான் எவ்வளவு இருக்கலாம்பா?"

எவ்வளவு வேண்டுமானாலும் இரு என்று சொல்ல வேண்டும். அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நூற்றெண்பதிலிருந்து பெட்டிகளின் ஒன்பது கிலோவையும், எங்கள் இருவரின் நூற்று முப்பது கிலோ அறுநூறையும் என் மனசு தானாகவே கழித்துவிட்டது.

"நாப்பது கிலோ நானூறு" என்று என் வாய் சொன்னது.

அடுப்படியில் தோசைக்கரண்டியின் சத்தம் நின்றது.

நறுமுகையின் முகம் மலர்ந்தது. "அவ்வளவு இருக்கா!" என்றாள். தோசையைப் பிய்த்து அவசர அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றுக்காகத் தட்டை நீட்டினாள்.