முப்பத்துமூன்றுக்குக் கீழே

எத்தேரி தன் கணவனோடு பேசுவதை நிறுத்தி இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது. வேர்மானி இன்னும் வேண்டிய மட்டும் இறங்கவில்லை. முப்பத்தெட்டில் உட்கார்ந்துகொண்டு அசைய மாட்டேன் என்றது.

"முப்பத்துமூணுக்குக் கீழே வரணும் அக்கா," என்றான் தங்கப்பழம், அவள் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றியபடி. "ஆரம்பத்துல நாப்பத்தொண்ணு. பத்து நாளைக்கு முன்னாடி முப்பத்தஞ்சு. இப்ப திரும்ப ஏறியிருக்கு. உண்மையைச் சொல்லுங்க, பேசினீங்களா?"

"ஒரு வார்த்தை பேசலை. போன வாரம் தும்மினார். நூறாயுசுன்னு சொல்ல வாய் வந்துடுச்சு. துண்டைக் கடிச்சுக்கிட்டேன்."

பதூமி நகரத்தில், கருங்கடலைப் பார்த்தாற்போல் நிற்கும் பழைய அடுக்குமாடியின் ஏழாவது மாடிச் சமையலறை அது. எத்தேரி ஜார்ஜியாக்காரி, துறைமுகப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. தங்கப்பழம் விருதுநகர் வத்தல் கமிஷன் கடைக் குடும்பத்துப் பிள்ளை. மருத்துவம் படிக்க வந்தவன், மூன்றாம் வருடத்தில் மற்ற உறுப்புகளைவிட மண்டைதான் சுவாரஸ்யம் என்று முடிவுகட்டி, மானி அலுவலகத்தில் ஆய்வாளனாகச் சேர்ந்துவிட்டான். இருவர் காதிலும் துபாஷி மாட்டியிருந்தது. அவள் ஜார்ஜிய மொழியில் பேசுவது அவன் காதுக்குள் விருதுநகர்த் தமிழாக விழும்.

ஒவ்வொரு அபிப்பிராயத்துக்குள்ளும் அதை நட்டவரின் குரல் மெல்லியதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து இருபது வருடம் ஆகிறது. ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை மனதில் எடுக்கச் சொன்னால், எந்தெந்தக் குரல்களின் நினைவு மூளையில் விழிக்கிறது என்று நெற்றிப்பட்டை எடுத்துச் சொல்லும். முதலில் சோப்பு விற்பவர்கள் வாங்கினார்கள். பிறகு அரசாங்கங்கள் வாங்கின. ருஷ்யாவுக்கு அண்டைவீடாக இருந்த நாடுகள் முண்டியடித்து வாங்கின. அவர்களையும் குறை சொல்ல முடியாது. தொலைக்காட்சி, எரிவாயு, பாட்டு, பாதிரியார், ஊருக்கு வந்துபோகும் மச்சான் என்று எத்தனையோ வாசல் வழியாக வடக்கிலிருந்து கருத்து வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. வந்தது எது, வீட்டில் விளைந்தது எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. வேர்மானி பிரித்துச் சொன்னது. நூற்றுக்கு முப்பத்துமூன்றுக்கு மேல் ருஷ்ய வேர் ஓடுகிற அபிப்பிராயம் ஓட்டாக எண்ணப்படாது என்று சட்டம் வந்தது.

அதே சட்டத்தின் இரண்டாம் பாதிதான் எத்தேரியின் வீட்டுக்குள் நுழைந்தது. ருஷ்யாவில் பிறந்து இங்கே வசிப்பவர் தொடர்ந்து இருக்கலாமா என்பதை, அவர் வசிக்கும் கட்டடமே ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். சம்மதம் கிடைத்தால் இருக்கலாம். செல்லுபடியாகும் ஓட்டு ஒன்றுகூட விழாவிட்டால் சம்மதம் இல்லை என்று பொருள். ஒரு மாதத்துக்குள் எல்லை தாண்ட வேண்டும்.

அவள் கணவன் ரொதியோன் ருஷ்யாவில் வரோனிஷ் நகரத்தில் பிறந்தவன். லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு கைப்பெட்டியோடு வந்து, இந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்து, அப்படியே ஏழாவது மாடியில் தங்கிவிட்டான். எத்தேரியின் ஓட்டு நிச்சயம் அவனுக்குத்தான். ஆனால் அந்த ஓட்டுக்குள் நாற்பத்தொரு பங்கு அவன் குரல். கூட்டத்தில் கத்துகிற கட்சிக்காரன், தேநீர் கேட்கிற புருஷன் என்ற வித்தியாசமெல்லாம் மானிக்குத் தெரியாது. குரல் வரோனிஷில் பிறந்தது. அதற்கு அவ்வளவுதான் கணக்கு.

'நாற்பது நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் எந்த வேரும் வாடும்' என்று யோசனை சொன்னவன் தங்கப்பழம்தான். அதனால்தான் முப்பத்தெட்டைப் பார்த்ததும் அவன் விசாரணையில் இறங்கினான்.

"பேசாம இருக்கிற நேரத்துல என்ன செய்றீங்க?"

"சண்டை போடறேன்."

"யாரோட?"

"அவரோடதான். மனசுக்குள்ள." அவள் தக்காளியை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "நான் போறேன், உனக்கு நிம்மதின்னு அவர் சொல்வார். வாயை மூடுங்கன்னு நான் சொல்வேன். அதுக்கு அவர் ஒண்ணு சொல்வார். விடுவேனா? நானும் ஒண்ணு சொல்வேன்."

"அவர்தான் பேசலையே அக்கா!"

"முன்னாடியெல்லாம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். அதுல ரெண்டு லிஃப்டைப் பத்தி. இப்ப வாயே மூடமாட்டேங்கிறார்."

தங்கப்பழம் தலையில் கை வைத்துக்கொண்டான். இதை அவன் யோசிக்கவில்லை. அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

கீழே ரொதியோன் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து இரும்புக் கயிற்றுக்கு மசை தடவிக்கொண்டிருந்தான். அவன் காதிலும் துபாஷி.

"எண் என்ன தங்கோ?"

"சொல்லக்கூடாது அண்ணே."

"அப்ப ஏறியிருக்கு." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "விட்டுடு. அவ வாயைக் கட்டிப்போட்டு வாங்கற ஓட்டு எனக்கு வேண்டாம். நேத்து என் தட்டுல மீனைப் போட்டுட்டு முள் இருக்குன்னு சொல்ல முடியாம, தானே உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா. பார்க்கச் சகிக்கலை. நான் போறதுதான் நியாயம்."

"என்ன நியாயம்? யாரை என்ன பண்ணினீங்க?"

ரொதியோன் மசை டப்பாவை ஓரமாக வைத்தான். பிறகு சொன்னான். வரோனிஷில் ஒருநாள் கருத்துக்கணிப்புக்காரி ஒருத்தி கதவைத் தட்டினாள். அண்டை நாடுகள் நம் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டுமா என்று கேட்டாள். எதிர்வீட்டு ஸினாயிதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

"நூத்துக்கு எழுபத்தொண்ணு பேர் ஆமாம்னு சொன்னதா டிவியில காட்டினாங்க. அந்த எழுபத்தொண்ணுல நானும் இருக்கேன். அந்த எண்ணைப் பார்த்துதான் இங்கே ஜனங்க பயந்தாங்க. எத்தேரி அன்னிக்குத் தூங்கலையாம், கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னா."

"அந்த ஸினாயிதா என்ன சொன்னாங்களாம்?"

"அதைக் கேளு. நான் இங்கே வந்து ரெண்டு வருஷம் கழிச்சுக் கடிதாசி போட்டிருந்தா. நீ வாசல்ல நின்னுக்கிட்டிருந்தே, அதனாலதான் நானும் ஆமாம்னு சொன்னேன், இல்லேன்னா எனக்கென்ன ஜார்ஜியா, அப்படின்னு." அவன் சிரிக்கவில்லை. "அவளாவது கடிதாசி போட்டா. மத்த அறுபத்தொம்பது பேர் யாருக்குப் பயந்தாங்களோ."

தங்கப்பழம் மசை டப்பாவை எடுத்துக் கொடுத்தான்.

ஓட்டு நாளன்று காலை பத்து மணிக்கு, கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் நாற்காலி போட்டு, தங்கப்பழம் பட்டையோடு நின்றான். அறுபத்தொரு பேர் வரிசையில். நாலாவது மாடி வாக்தாங் முதல் ஆளாக வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரொதியோனை அனுப்பியே ஆகவேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவந்தவர்.

"என் மண்டையில ருஷ்யா பூஜ்யம். எழுதிக்கோ," என்று உட்கார்ந்தார்.

எழுபத்தெட்டு காட்டியது.

"மிஷின் ரிப்பேர்!" என்று கத்தினார் வாக்தாங்.

"ஐயா, உங்க வீட்ல நாள் பூராவும் மாஸ்கோ சேனல்தானே ஓடுது?"

"திட்டறதுக்காகப் பார்க்கறேன்டா!"

"திட்டினாலும், ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டுத்தானே திட்டறீங்க?"

"சிநேகிதன் சொன்னதையும் எண்ணுது, எதிரி சொன்னதையும் எண்ணுதுன்னா என்ன மிஷின் இது?"

"குரலை மட்டும்தான் ஐயா எண்ணும். நீங்க தலையாட்டினீங்களா, காறித் துப்பினீங்களான்னு அதுக்குத் தெரியாது."

அடுத்து முடிதிருத்தும் கடை லமாரா: நாற்பத்துநாலு. ருஷ்யச் சுற்றுலாக்காரர்களைப் பற்றி அவள் குறை சொல்லாத நாளில்லை. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி விற்பவர்: முப்பத்தாறு. இரண்டாம் மாடியில் தேசபக்திக் கவிதை எழுதுபவர்: அறுபத்தொன்பது. அவர் பட்டையைத் தானே கழற்றி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் படியேறிப் போனார். பயந்தவர்கள், வெறுத்தவர்கள், எரிவாயு விலையைப் பற்றிக் காலையில் எழுந்ததும் கவலைப்பட்டவர்கள், எல்லாருடைய நினைப்பிலும் வடக்கத்திக் குரல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டையை, இந்தப் பக்கம் இருப்பவர்கள்தான் அவ்வளவு கவனமாகக் கேட்பார்கள் போலிருக்கிறது.

அறுபது பேர் முடிந்தும் செல்லுபடியாகும் ஓட்டு ஒன்றுகூட விழவில்லை. கடைசியாக எத்தேரி. ஐம்பத்திரண்டு.

அவள் எழுந்து, படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். எதிரே சுவரோரம் ரொதியோன் நின்றிருந்தான். வெளியே மழை, அப்போதுதான் தெருவிலிருந்து வந்திருந்தான். நாற்பது நாளுக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

"காலணி ஈரமா இருக்கு. கழட்டுங்க. சளி பிடிக்கும்."

அவன் குனிந்து கயிற்றை அவிழ்த்தான். ஈரத்தில் முடிச்சு விழுந்துவிட்டது. அவளே வந்து அவிழ்த்தாள். கூடத்தில் நின்ற லமாரா மூக்கை உறிஞ்சினாள். வாக்தாங்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கப்பழம் கைப்பலகையில் சட்டத்தை முதலிலிருந்து புரட்டினான். கமிஷன் கடையில் வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும்; சட்டம் எழுதுகிறவர்கள் தாங்கள் பயப்படுவதைத்தான் எழுதுவார்கள், நினைத்தே பார்க்காததை எழுத மாட்டார்கள். நாலாம் பிரிவில் தேடியது கிடைத்தது. 'கட்டடத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் வசிக்கும் எவரும்' ஓட்டுப் போடலாம். யாரைப் பற்றிய ஓட்டோ அவர் நீங்கலாக என்று ஒரு வரி இல்லை. ஒருவர் மூன்று தடவை வரை உட்காரலாம் என்றும் இருந்தது.

"அண்ணே, வாங்க. உட்காருங்க."

"அவனா?" என்றார் வாக்தாங். "அவன் மண்டையே ருஷ்யாவாச்சே!"

"எழுபத்தெட்டு, நீங்க சும்மா இருங்க," என்றாள் லமாரா.

ரொதியோன் காலுறையோடு நடந்து வந்து உட்கார்ந்தான். தங்கப்பழம் கேள்வியைப் படித்தான். "ரொதியோன் இந்தக் கட்டடத்தில் இருக்கட்டுமா, போகட்டுமா?"

"போகட்டும்," என்றான் ரொதியோன்.

எத்தேரி முகத்தை மூடிக்கொண்டாள். எண்பத்தொன்று காட்டியது.

"செல்லாது," என்றான் தங்கப்பழம். "யார் குரல் அண்ணே கேட்டுச்சு?"

"அப்பா. பள்ளிக்கூட வாத்தியார். கணிப்புக்காரி. தப்புப் பண்ணினவன் தானா வெளியே போய் நிக்கணும்னு அப்பா சொல்வார்."

தங்கப்பழம் அவன் பக்கத்தில் குந்தினான். "பார்த்தீங்களா? போகணுங்கறது உங்க ஊர்லேருந்து பெட்டியில கொண்டுவந்த சரக்கு அண்ணே. இந்தச் சந்தையில அதை எடுக்க மாட்டாங்க. வேற ஏதாவது இருந்தா காட்டுங்க."

ரொதியோன் கண்ணை மூடினான். வெகுநேரம் திறக்கவில்லை. உள்ளே என்ன நடந்ததோ, ஒரு தடவை உதடு கோணியது, ஒரு தடவை யாரிடமோ திட்டு வாங்குகிறவன்போல் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"இருக்கட்டும்," என்றான் கடைசியில். சத்தமே வரவில்லை.

ஆறு.

தங்கப்பழம் பட்டையைத் தட்டிப் பார்த்தான். ஆறுதான். மீதித் தொண்ணூற்றுநாலும் ஒரே குரல், பதூமியில் பிறந்த குரல்.

"நான் நாப்பது நாளா ஒரு வார்த்தை பேசலையே!" என்றாள் எத்தேரி.

"நீயா? நீ எப்ப வாயை மூடினே?" என்றான் ரொதியோன். அழுதுகொண்டே சொன்னான்.

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒரு ஓட்டு விழுந்தது, குடியிருப்பின் முடிவு ஒருமனதானது.

மற்ற கட்டடங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மாதக் கடைசியில் நகரம் முழுவதற்குமான வாக்காளர் பட்டியல் வந்தது. இருநூற்றுப் பதினாலு பேர். அதில் நூற்றுநாற்பது பேர் ருஷ்யாவில் பிறந்தவர்கள். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. அந்தக் குரலைக் கேட்க முடியாமல்தானே அவர்கள் ஓடிவந்தார்கள். மாஸ்கோ சேனல்கள் இதைப் பெரிய வெற்றியென்று மூன்று நாள் காட்டின. பதூமி முழுக்க உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் விடாமல் பார்த்தது. அடுத்த சோதனையில் பட்டியல் நூற்றெண்பதாகக் குறைந்தது.

அந்த வசந்தத்தில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். கட்டடத்துக்கே ஒரே ஒரு ஓட்டு, ஏழாவது மாடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாக்தாங் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வீட்டில் வடித்த ஒயின் ஒரு குப்பியோடு வந்து மணியடித்தார். எத்தேரி கதவைப் பாதி திறந்தாள்.

"உன் வீட்டுக்காரரோட நாலு வார்த்தை பேசணும்மா. கட்சிக்காக இல்லை, நாட்டுக்காக. அவர் ஓட்டு ஒண்ணுதான் நமக்கு இருக்கு."

"என்ன பேசப்போறீங்க?"

"நேத்து மாஸ்கோவுல அந்தக் கிழவன் என்ன சொன்னான்னு கேட்டியா? சொல்றான்..."

எத்தேரி அவர் வாய்க்கு நேரே கையை நீட்டினாள். "அங்கேயே நிறுத்துங்க. போன மாசம் நீங்க அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போனதுக்கே ஆறு பதினொண்ணாயிடுச்சு. ஒயினைக் குடுங்க, உங்களைத்தான் உள்ளே விட முடியாது."

"நானா? என்னையா? என் பாட்டன், முப்பாட்டன் காலத்துலேருந்து நாங்க அவங்களை எதிர்த்து..."

"தெரியும். நல்லாவே தெரியும். அதனாலதான் சொல்றேன்."

குப்பியை வாங்கிக்கொண்டு, மரியாதையாகத் தலையைச் சாய்த்து, கதவைச் சாத்தினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ரொதியோன் கேட்டான்.

"யாருமில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர்," என்றாள் எத்தேரி.