ஒன்பதாவது கட்டம்

மனு நான்காவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. முதல் தடவை இனிஷியல் சரியில்லை. அடுத்த தடவை போட்டோ பெரிது. அதற்கடுத்து முத்திரை கலங்கியிருக்கிறதாம். இப்போது, ஒன்பதாவது கட்டம் காலி. 'இவரைக் கடைசியாகக் கண்டவர் யார், எந்த நிலையில்?'

அதை நான் மறந்து விடவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

டிசம்பர் மழை. சாயங்காலம் ஐந்து மணிக்கே காசிமேடு இருட்டிவிட்டது. கரண்ட் வேறு இல்லை. ஹவுசிங் போர்டு குடியிருப்பின் வாசலில் நானும் தண்டபாணியும் சொட்டச் சொட்ட நின்றோம். மூன்றாவது மாடியில் மங்கையின் வீடு. டில்லிபாபுவின் மனைவி. அவன், நான், தண்டபாணி மூவரும் ராணுவத்தில் ஒரே பாராசூட் கம்பெனி. இருபத்தாறு வருஷத்துக்கு முன் நடந்த மலைச்சண்டையிலிருந்து டில்லி திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அரசாங்கத் தாளில் இன்றைக்கும் அவன் 'காணாமல் போனவர்'. பட்டாலியன் கல்வெட்டில் அவன் பெயர் இல்லை. மங்கை கேட்பது அந்தப் பெயர் ஒன்றைத்தான். அதற்கு, கூட இருந்து பார்த்த இரண்டு பேர் சாட்சி எழுத வேண்டும்.

"ஆபீஸ்காரனுங்க இவள உசுரோட கொன்னுக்கினு கீறானுங்க மாமு," என்றான் தண்டபாணி.

எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஆபீஸ்காரன் மேல் மட்டுமில்லை.

மங்கை மெழுகுவர்த்தியோடு கீழே வந்தாள். "வாங்கண்ணா. பாத்து ஏறுங்க, படில தண்ணி கீது." இரண்டாவது திருப்பத்தில் காற்று மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டது. முன்னால் மங்கை, அவள் பின்னால் முட்டிவலியோடு தண்டபாணி, கடைசியில் நான். கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து குதிக்கும் முன், முன்னால் நிற்பவனின் பாராசூட்டைச் சரிபார்த்து அவன் தோளில் இரண்டு தட்டு தட்டுவோம். நான் இருக்கிறேன், நீ போ என்று அர்த்தம். அந்தச் சண்டையில் குதிக்கப் பழகியவர்களைக் கொண்டுபோய் நடக்க விட்டார்கள். இருட்டில் பேசக் கூடாது. அதனால் அங்கேயும் அதே வழக்கம்தான். வரிசை நின்றால் கடைசி ஆள் முன்னால் இருப்பவனைத் தட்டுவான்; அவன் தனக்கு முன்னால் இருப்பவனை. தட்டு வரிசையின் முன்னால் நிற்கும் ஆபீசரிடம் சேர்ந்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதன் பிறகுதான் வரிசை நகரும்.

எங்கள் வரிசையில் டில்லிதான் கடைசி. அவனுக்கு முன்னால் நான். எனக்கு முன்னால் தண்டபாணி. டில்லி இரண்டு தட்டோடு விடமாட்டான். என் வலது காதை ஒரு சுண்டு சுண்டுவான். எருமை, எருமை என்று மனசுக்குள்ளேயே திட்டுவேன்.

தண்டபாணி படியில் மூச்சு வாங்க நின்றான். நானும் நின்றேன்.

மீன் வாடையும் மழை வாடையும் திடீரென்று போய்விட்டன. மலை முகாமில் அடித்த மண்ணெண்ணெய் அடுப்பின் புகை வாடை வந்தது. ஈரக் கம்பளி வாடை வந்தது. முதுகில் குளிர் ஏறியது.

எனக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விட்டார்.

பிறகு என் தோளில் இரண்டு தட்டு.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

என் வலது காதை யாரோ சுண்டினார்கள். பனிக்கட்டி பட்டதுபோல் காது எரிந்தது.

"இன்னா மாமு, போலாமா?" தண்டபாணி கிசுகிசுத்தான். பழைய பழக்கம், என் தட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான்.

என் கை எழவில்லை.

"தண்டபாணி," என்றேன். "அன்னைக்கு ராத்திரி டில்லி என்னைத் தட்டலடா."

"இன்னா சொல்ற?"

"குண்டு விழுந்துட்டே இருந்துச்சு. நின்னு நின்னு பார்த்தேன், பின்னாலருந்து தட்டு வரல. பயம்டா. எப்படியாவது வரிசை நகரணும்னு நானே உன்னைத் தட்டிட்டேன். அவன் எங்கேயோ பின்னால கிடந்திருக்கான்."

தண்டபாணி படியில் என் பக்கம் திரும்பினான்.

"அப்போ நான் ஆபீசர் வரிக்கும் அனுப்புனது பொய்யாடா?" தண்டபாணியின் குரல் உடைந்தது. "இத்தினி வருசம் என்னாண்ட கூட சொல்லல நீ. தோஸ்தாடா நீ?"

மேலே மங்கை நின்றிருந்தாள். அவள் முகம் தெரியவில்லை.

"நாலு தபா எழுதுனீங்களே," என்றாள். "நாலு தபாவும் இத்த வுட்டுட்டு எழுதினீங்களா? இனிஷியல் சரியில்ல, போட்டோ பெருசுன்னு அவனுங்க அலைய வுட்டானுங்க. உண்ம உங்க கைல இருந்துச்சு, நீங்களும் அலைய வுட்டீங்க." பிறகு, "வூட்டுக்கு வாங்க. எழுதுங்க. அப்பால என் மூஞ்சில முழிக்காதீங்க," என்றாள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒன்பதாவது கட்டத்தை நிரப்பினேன். 'எனக்குத் தட்டு வரவில்லை. வந்ததாக முன்னால் அனுப்பினேன். அவரை விட்டுவிட்டு நடந்தோம்.' தண்டபாணி அதன் கீழே கையெழுத்துப் போட்டான். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மங்கை தாளை வாங்கி டில்லியின் படத்துக்குக் கீழே வைத்தாள்.

இறங்கும்போதும் நான்தான் கடைசி. ஒவ்வொரு திருப்பத்திலும் வேண்டுமென்றே நின்றேன். முதுகுக்குப் பின்னால் காலி இருட்டு. எதுவும் வரவில்லை. உண்மையை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இன்னும் என்னடா வேண்டும், ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனால் என்னடா குறைந்துபோகும் என்று அந்தப் படிக்கட்டில் கத்த வேண்டும் போலிருந்தது. பேசாமல் இறங்கி, வாசலைத் தாண்டி மழையில் போய் நின்றோம்.

மேலே கதவு படாரென்று திறந்தது.

"இன்னாண்ணா இது!" மங்கையின் குரல், அழுகையும் கோபமுமாக. "போயிட்டு, மறுபடி வந்து பின்னால நின்னுக்கினு தோள தட்டறீங்க? காத வேற சுண்டறீங்க? வெளாட்ற நேரமா..."

மெழுகுவர்த்தியோடு மாடிக் கம்பியருகே வந்தவள் எட்டிப் பார்த்தாள். கீழே மழையில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

அவளுடைய கை மெதுவாக வலது காதுக்குப் போனது.