இரண்டாவது மிதி

அம்மாவின் மஞ்சள் காருக்கு நன்றாக ஓடத் தெரியும். நிற்கத்தான் சரியாகத் தெரியாது.

அதற்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டே கதவுகள். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடிய கார். எழிலரசியின் அம்மா மாலதி அதைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்திருந்தார். வார நாட்களில் அம்மாவுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலக வேலை. சனி, ஞாயிறு வந்தால் கையில் கிரீஸ்.

இன்ஜின் இப்போது புலி மாதிரி உறுமியது. ஆனால் பிரேக் மட்டும் பழசு. வேகமாக வந்து மிதித்தால் கார் வழுக்கிக்கொண்டே போய், யோசித்து யோசித்துத்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் பழைய கார்களுக்கான போட்டி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே ஒரு கட்டத்துக்குள் காரை நிறுத்த வேண்டும். அம்மா மூன்று மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டார்.

அதனால்தான் சனிக்கிழமை காலையிலேயே செம்பியன் மாமா தன் மெக்கானிக் ஷெட்டில் காரைத் தூக்கி நிறுத்தினார். அவர் அம்மாவின் தம்பி.

முன் சக்கரங்களுக்குப் பெரிய புது டிஸ்க் வந்திருந்தது. தோசைக்கல் அளவுக்கு இருந்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் அந்த வட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து நிறுத்துவதுதான் காலிப்பர். அதுவும் புதுசு. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

"பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வை எழிலு. அப்புறம் எது எங்க இருந்துச்சுன்னு மறந்துடும்" என்றார் மாமா.

எழில் அம்மாவின் கைபேசியில் நான்கு படங்கள் எடுத்தாள். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவளுக்கு ஷெட்டில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

மாலையில் கடைசி வேலை வந்தது. பிரேக் குழாய்க்குள் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும். காற்று புகுந்திருந்தால் அதை வெளியே எடுக்க வேண்டும். காலிப்பரில் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டார் மாமா. எழில் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"மிதி" என்றார் மாமா கீழே படுத்தபடி.

மிதித்தாள்.

"அப்பிடியே பிடி... சரி, விடு."

நாற்பது தடவையாவது இருக்கும். பாட்டிலில் குமிழ்கள் வந்தன, குறைந்தன, பிறகு நின்றுபோயின.

"முடிஞ்சுது" என்று மாமா எழுந்தார். அவர் விரலில் ஒரு வெட்டு. சட்டையெல்லாம் ஆயில்.

எழில் இன்னொரு முறை மிதித்துப் பார்த்தாள். கால் மெத்தையில் பதிவதுபோல ஆழமாகப் போயிற்று. உடனே திரும்ப மிதித்தாள். இந்த முறை மேலேயே நின்றது.

"மாமா, மொத தடவ ரொம்ப உள்ள போவுது. ரெண்டாவது தடவதான் பிடிக்குது."

"புதுசு இல்லையா, அப்பிடித்தான் இருக்கும். நாலு கிலோமீட்டர் ஓடினா சரியாயிடும்."

அம்மாவும் ஷெட்டுக்கு வெளியே தெருவில் ஓட்டிப் பார்த்தார். மெதுவாகப் போனார், மிதித்தார், கார் நின்றது.

"நிக்குதே" என்றார் அம்மா.

எழிலுக்கு இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. மாமா வெட்டுப்பட்ட விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சாப்பிடக்கூட இல்லை. அவரைப் பார்த்ததும் அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கிளம்பினார்கள். அம்மா ஓட்டினார். பக்கத்தில் மாமா. பின்னால் எழில், மாமாவின் கருவிப் பெட்டியோடு. ஒன்பதரைக்குள் மைதானத்தில் இருக்க வேண்டும்.

கடலூரைத் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. கார் சந்தோஷமாக வேகமெடுத்தது. எழில் மட்டும் சன்னல் வழியே வேடிக்கை பார்க்கவில்லை. அவள் அம்மாவின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆலப்பாக்கத்தைத் தாண்டி ஒரு வளைவு. அதில் திரும்பியதும் சாலை முழுக்க ஆடுகள்.

அம்மா பிரேக்கை மிதித்தார். கால் அடிவரைக்கும் போயிற்று. காரின் வேகம் லேசாகத்தான் குறைந்தது.

ஆடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஒரு குட்டி நடுச்சாலையில் நின்று காரையே பார்த்தது. மாமா இரண்டு கைகளாலும் முன் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, காலை எடுத்துட்டுத் திரும்ப மிதி!"

அம்மா காலை எடுத்தார். மறுபடி மிதித்தார்.

இப்போது பிரேக் பிடித்தது. பெல்ட் எழிலின் தோளை அழுத்தியது. கருவிப் பெட்டி முன் இருக்கையில் போய் மோதியது. டயர்கள் கிறீச்சிட்டன. கார் நின்றது.

குட்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. குட்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு நகர்ந்தது.

அம்மா இன்ஜினை அணைத்தார்.

ஆடுகளின் சொந்தக்காரர் கையில் குச்சியோடு ஓடி வந்தார். செல்லாயி என்பது அவர் பெயர் என்று பிறகு தெரிந்தது.

"கண்ணு தெரியலியாம்மா? இம்மாம் வேகமா வர்றியே. என் குட்டி போயிருந்தா என்னா பண்ணுவ?"

"தப்புதாங்க. பிரேக் பிடிக்கல" என்றார் அம்மா மெல்லிய குரலில்.

செல்லாயி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த எழிலைப் பார்த்தார். அவர் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"பிள்ளைய வச்சுக்கிட்டு... சரி, ஓரமா தள்ளுங்க. நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

காரைப் புளியமர நிழலுக்குத் தள்ளினார்கள். மாமா கீழே புகுந்து பார்த்தார். எங்கும் ஆயில் ஒழுகவில்லை. எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். எட்டேகால்.

"அக்கா, மெதுவா போயிடலாம். முப்பதுக்கு மேல போவ வேணாம். சிதம்பரத்துல போய்ச் சரி பண்ணிக்கலாம்."

அம்மா சாலையைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

எழில் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். நேற்றுப் பேசாமல் இருந்ததுபோல் இன்று இருக்க முடியாது.

"வேணாம்மா. இந்தக் காரு ரெண்டாவது மிதியிலதான் நிக்குது. குறுக்க வர்றவங்க ரெண்டாவது மிதி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க."

அம்மா சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இங்கேயே பாக்கலாம்டா செம்பியா. போட்டி போனா போவுது."

மாமா முகம் சுண்டிப்போயிற்று. "எல்லாத்தையும் சரியாத்தான் மாட்டினேன். காத்தும் எடுத்தாச்சு. குமிழே வரலியே."

எழிலுக்கு நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பாதி பாட்டில் காலியானது. மூடியைப் போட்டுவிட்டு, ஏதோ நினைவில் அதைத் தலைகீழாகத் திருப்பினாள். உள்ளே இருந்த காற்று குபுக்கென்று மேலே போயிற்று. திரும்ப நிமிர்த்தினாள். காற்று மறுபடியும் மேலே.

எப்படித் திருப்பினாலும் காற்று மேலேதான் போகிறது.

அவள் பாட்டிலை வைத்துவிட்டு மண்டியிட்டு, சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தாள். புதுக் காலிப்பர் தெரிந்தது. நிப்பிள் அதன் கீழ்ப்பக்கம் இருந்தது. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கேயும் கீழேதான்.

"அம்மா, உன் போனைக் குடு."

நேற்று எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். பழைய காலிப்பரில் நிப்பிள் உச்சியில் இருந்தது.

"மாமா, இங்க பாருங்க. பழசுல நிப்பிள் மேல இருக்குது. புதுசுல கீழ இருக்குது."

"அதனால என்னா?"

எழில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடியை லேசாகத் திருகினாள். தண்ணீர் மட்டும் சொட்டியது. "மூடி கீழ இருந்தா தண்ணிதான் வருது. காத்து மேலேயே நிக்குது பாருங்க. அங்கேயும் அப்பிடித்தான் மாமா. ஆயில்தான் வெளிய வந்துருக்குது. காத்து உள்ளேயே மாட்டிக்கிச்சு."

மாமா பாட்டிலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நெற்றியில் கை வைத்தார்.

"இடதை வலதுலயும் வலதை இடதுலயும் மாட்டிட்டேன்" என்றார். "இருபது வருசமா இந்த வேலை பாக்கறேன். உங்க ரெண்டு பேரையும் இந்தக் காருல உக்கார வச்சுட்டேன் பாரு."

அவர் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க மல்லாக்கப் படுத்துக்கிட்டுப் பாத்தீங்க மாமா. அப்பிடிப் பாத்தா மேல கீழ குழம்பத்தான் செய்யும். எழுந்திருங்க, மாத்திடலாம்."

ஜாக்கி, ஸ்பேனர், நிப்பிளில் மாட்டும் குழாய், பாட்டில், புது ஆயில் எல்லாம் பெட்டியில் இருந்தன. ஒரு சக்கரம் கழன்றது. அடுத்த சக்கரமும் கழன்றது. செல்லாயி கீழே வந்து விழும் போல்ட்டுகளைத் தன் முந்தானையில் பத்திரமாகச் சேர்த்து வைத்தார்.

அந்த மும்முரத்தில் யாரும் திறந்திருந்த கார் கதவைக் கவனிக்கவில்லை. தும்மல் போட்ட குட்டி உள்ளே தலையை நீட்டி, இருக்கையில் இருந்த போட்டி அனுமதிச் சீட்டை எடுத்து மென்றுகொண்டிருந்தது. எழில் பார்த்தபோது ஒரு மூலை மட்டும்தான் மிச்சம்.

"அதுவும் போச்சா" என்றார் அம்மா. அன்று காலையில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு காலிப்பர்களும் இடம் மாறி, நிப்பிள்கள் மேலே வந்தன. எழில் மறுபடி டிரைவர் இருக்கையில் ஏறினாள்.

"மிதி... பிடி... விடு."

பாட்டிலில் பளக் பளக்கென்று பெரிய பெரிய குமிழ்கள் வந்தன. ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் செய்தார்கள். முப்பதாவது மிதியில் எழிலின் கால் சட்டென்று நின்றது. செங்கல்லை மிதித்ததுபோல் இருந்தது. காலை எடுத்துக் காத்திருந்து, மீண்டும் மிதித்தாள். முதல் மிதியிலேயே பிடித்தது.

"மாமா, இப்ப சரியா இருக்குது."

மாமா இந்த முறை அவள் சொன்னதோடு விடவில்லை. தானும் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். அம்மாவையும் மிதிக்கச் சொன்னார். பிறகு எழிலைச் செல்லாயியோடு நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த காலி மண்பாதையில் இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, பிறகு இன்னும் வேகமாக. ஒவ்வொரு முறையும் புழுதி கிளம்பியது, கார் நின்றது. எழில் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சிதம்பரம் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். போட்டி பாதி முடிந்திருந்தது. கார்களைச் சோதிக்கும் அதிகாரி கனிமொழி கையில் பட்டியலோடு நின்றிருந்தார்.

"பஞ்சர்னு சொல்லிடலாமா அக்கா?" என்று மாமா கேட்டார். பிறகு தானே தலையை ஆட்டிவிட்டு முன்னால் போனார்.

"பிரேக்கை நான் தப்பா மாட்டிட்டேன் மேடம். வழியிலதான் தெரிஞ்சுது. போட்டோவுல நிப்பிள் இருந்த இடத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சது எங்க அக்கா பொண்ணு. சரி பண்ணிட்டுத்தான் வந்தோம்."

"அனுமதிச் சீட்டு?"

"ஆடு தின்னுடுச்சு" என்றாள் எழில்.

கனிமொழி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். எழில் மிச்சமிருந்த மூலையை நீட்டினாள். அதில் பல் தடம் இருந்தது.

"நேரம் முடிஞ்சுட்டதால போட்டியில சேத்துக்க முடியாது" என்றார் கனிமொழி. "ஆனா எல்லாரும் முடிச்சப்புறம் ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம். மதிப்பெண் கிடையாது. மொதல்ல நான் காரைப் பாக்கணும்."

சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்த்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். தலையசைத்தார்.

கடைசியாக மஞ்சள் கார் தனியாக மைதானத்தின் கோடியில் நின்றது. உள்ளே அம்மா மட்டும். எழிலும் மாமாவும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்.

கொடி இறங்கியது. கார் உறுமிக்கொண்டு வந்தது. எழிலுக்கு ஆட்டுக்குட்டியின் முகம் கண்ணுக்குள் வந்துபோனது. மாமா அவள் கையை இறுக்கிப் பிடித்தார்.

கூம்புகள் நெருங்கின. அம்மா மிதித்தார்.

காரின் மூக்கு தாழ்ந்தது. நேராக, ஆடாமல் அசையாமல், கட்டத்துக்கு நடுவில் போய் நின்றது. ஒரு கூம்புகூட நகரவில்லை.

மாமா கையை விடாமல் கீழே உட்கார்ந்துவிட்டார். எழிலும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது கனிமொழி வந்தார். "அந்த நிப்பிள் போட்டோவ எனக்கு அனுப்பும்மா. அடுத்த தடவ வர்ற எல்லாருக்கும் காட்டணும்."

பரிசு எதுவும் இல்லாமல்தான் திரும்பினார்கள். வழியில் சாப்பிட்டார்கள். மாமா இரண்டு நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

கடலூர் நெருங்கும்போது, முன்னால் போன பஸ் சைகை காட்டாமல் சட்டென்று நின்றது. அம்மா பிரேக்கை ஒரே ஒரு முறை மிதித்தார். கார் நல்ல இடைவெளி விட்டு நின்றது.

மாமா திரும்பிப் பார்த்தார். எழில் பின் இருக்கையில், வாயைத் திறந்துகொண்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.