இருக்கையின் மறுபாதி

கரீம் பாட்சா இறங்கிய பிறகு இருக்கை இன்னொரு முறை ஆடியது.

அவர் எழுந்தபோது அது வழக்கம்போல முன்பக்கம் சாய்ந்து, 'டக்' என்று நிமிர்ந்தது. அது அவருக்குப் பழகிப்போன சத்தம். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்திருப்பார், முதுகுக்குப் பின்னால் மறுபடியும் ஒரு 'டக்' கேட்டது. இந்த முறை மெதுவாக, முட்டுவலிக்காரர் ஒருவர் கையை ஊன்றி எழுந்திருப்பதைப் போல. திரும்பிப் பார்த்தார். இருக்கை சும்மா இருந்தது. மெஷினின் முன்னால் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அது வீட்டுக்குள் துடுப்பு வலிக்கிற மெஷின். கால்களை வாரில் மாட்டிக்கொண்டு கைப்பிடியை இழுத்தால், இருக்கை தண்டவாளத்தில் பின்னால் உருளும். தொட்டிக்குள் துடுப்பு தண்ணீரைத் தள்ளும். சளப்பென்று ஒரு சத்தம் ஹால் முழுக்கப் பரவி அடங்கும். நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதும் மகன் தௌஃபீக் உல்லாஸ்நகரில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்து போட்டான். தரையோடு ஒட்டிய அந்த இருக்கையில் உட்கார அவருடைய முட்டு மடங்கவில்லை. அதனால் அதே கடையில் கிடந்த ஒரு இரும்புச் சட்டத்தை வாங்கி, பழைய இருக்கையின் மேல் நான்கு போல்ட் போட்டு முறுக்கினான். சட்டத்தின் மேலே ரெக்சின் போட்ட அகலமான மெத்தை. ஒருவருக்கு அது அதிகம். அவர் உட்கார்ந்தால் பின்னால் முக்கால் அடி சும்மா கிடந்தது.

மும்பை செம்பூரில் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டிய கட்டடத்தில் பதினோராவது மாடி. மாட்டுங்கா லேபர் கேம்பில் இருந்தவரை, பை தைக்கிற பட்டறையும் வீடும் ஒன்றாக, எந்நேரமும் யாராவது அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இங்கே நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். மனைவி ஆபிதா இறந்து பதினாறு மாதம். வீட்டில் அவர் தொடாமல் எதுவும் அசைவதில்லை. அதனால்தான் அந்த இரண்டாவது 'டக்' அவரை அத்தனை நேரம் ஹால் நடுவில் நிற்க வைத்தது.

சாயங்காலம் ஐரோலியிலிருந்து தௌஃபீக் போன் பண்ணினான்.

"மெஷின் ஓட்டுறீங்களா வாப்பா?"

"ஓட்டுதேன். அந்த மேல் சீட்டு ஆடுதுடே."

"போல்ட் டைட் பண்ணுங்க, டீக் ஆயிடும், ஆடாது."

"பண்ணியாச்சு. நான் எறங்குனப்பொறவும் ஆடுது."

"சன்டே வந்து பாக்குறேன் வாப்பா," என்றான். போன மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னாலும் அதையேதான் சொல்லியிருந்தான்.

மறுநாள் மழை விடாமல் பெய்தது. அவர் ஸ்பேனரை எடுத்து நான்கு போல்டுகளையும் இறுக்கி, சட்டத்துக்கு அடியில் தோல் துண்டுகளை வெட்டிச் செருகினார். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார், ஓரத்தில் வைத்தார். சட்டம் கல் மாதிரி நின்றது. மூட்டையை இறக்கிவிட்டுத் தான் உட்கார்ந்தார். ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு பின்பக்கம் மெல்ல இறங்கியது.

எழுந்து, மெத்தையைக் கழற்றி, அடித்தையலைப் பிரித்தார். முப்பது வருஷம் பை தைத்த கைக்கு நுரைமெத்தையைப் பார்த்தால் தெரியும், எங்கே எவ்வளவு நாள் பாரம் இருந்ததென்று. முன்பாதியில் அவருடைய பள்ளம், ஒரு மாதத்துப் பள்ளம், ஆழமில்லாமல் இருந்தது. பின்பாதியில் இன்னொன்று. குறுகலானது, அவருடையதைவிட ஆழமானது. தொடை அழுந்திய தடம் இரண்டும் முன்பக்கம் வரவில்லை, பின்பக்கமாகப் போயின. அங்கே உட்கார்ந்தவர் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.

விரலை வைத்து அழுத்தினார். ஈரம். தொட்டி ஒழுகுகிறதோ என்று போய்ப் பார்த்தார். தண்ணீர் கோட்டுக்குச் சரியாக இருந்தது. விரலை மோந்தார். மாஹிம் கிரீக்கில் கடல் தண்ணீர் வற்றும்போது தாராவிவரை வரும் சேற்று நாற்றம்.

யாரிடம் சொல்வது? தௌஃபீக்கிடம் சொன்னால் அவன் மனைவி ஷைஸ்தா பக்கத்திலிருந்து, "தனியா இருந்தா மாமாவுக்கு இப்படித்தான் தோணும்," என்பாள். அவள் சொல்வதில் தப்பும் இல்லை. பிரித்த இடத்தைத் தைத்து, மெத்தையைத் திரும்ப மாட்டி, ஹால் பக்கம் போகாமல் அறைக்குள்ளேயே இருந்தார்.

மூன்று நாள் மெஷினைத் தொடவில்லை. மூன்று நாளும் யாரும் கதவைத் தட்டவில்லை. பால் பாக்கெட் பையில் விழுந்தது; லிஃப்ட் அவருடைய மாடியைத் தாண்டி மேலே போனது, கீழே போனது. டி.வி.யைப் போட்டார், அணைத்தார். ஒரு மத்தியானம், தனக்கே தெரியாமல் ஹாலில் அந்தச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டுகொண்டார். வரவில்லை. அதில் தனக்கு நிம்மதிதான் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் நிம்மதியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு ஹாலுக்கு வந்தார். நாலரை மணிக்கே வெளியே மேகம் கறுத்து, எதிர்க் கட்டடம் மறைந்து, ஜன்னல் முழுக்கச் சாம்பல் நிற மழை மட்டும் இருந்தது. மெஷினில் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. கால்களை வாரில் நுழைத்து இறுக்கினார். கைப்பிடியை இழுத்தார்.

சளப்.

இருக்கை பின்னால் உருண்டது, பின்பக்கம் இறங்கியது, அவர் விழாமலிருக்க வயிற்றை எக்கிக்கொண்டார். மறுபடி. சளப். மறுபடி. ஐந்தாவதோ ஆறாவதோ இழுப்பில் கை தளர்ந்து, உடம்பு எல்லையைத் தாண்டிப் பின்னால் சாய்ந்தது. விழப்போகிறோம் என்று நினைத்தார்.

விழவில்லை.

ஒரு முதுகு அவரைத் தாங்கியது. எலும்பு தெரிகிற, ஒடுங்கிய முதுகு. சட்டையைத் தாண்டி அதன் ஈரமும், ஈரத்துக்குள்ளே ஒரு சூடும் தெரிந்தன. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. திரும்பவில்லை. பதினாறு மாதத்தில் அவரை யாரும் இப்படித் தொட்டதில்லை. பெருநாளன்று மகன் கட்டிப்பிடித்ததுகூட ஒரு நொடிதான். கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் நாலு இழுப்பு, இன்னும் நாலு, என்று சாய்ந்து சாய்ந்து எழுந்தார். ஒவ்வொரு முறையும் அந்த முதுகு அங்கே இருந்தது. இருக்கை ஆடவே இல்லை.

போதும் என்று நிறுத்தினார்.

இருக்கை நிற்கவில்லை.

முன்னால் போனது. பின்னால் வந்தது. தொட்டிக்குள் தண்ணீர் கறுத்திருந்தது. கைப்பிடியை விட்டார், விட்டதாக நினைத்தார், விரல்கள் அதைச் சுற்றியே இருந்தன. வாரிலிருந்து காலை உருவப் பார்த்தார். முட்டு மடங்கவில்லை. சேற்று நாற்றம் இப்போது ஹால் முழுக்க இருந்தது.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

"வாப்பா." தௌஃபீக்கின் குரல். "நான்தான். மழையில ஃபுல்லா நனைஞ்சிட்டேன். கதவத் தொறங்க."

வந்துவிட்டான். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கரீம் பாட்சா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"இப்பம் வேண்டாம் மக்கா."

அது அவருடைய குரல். அதே கரகரப்பு, அதே இழுப்பு. அது அவருடைய தலைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"வாப்பா, அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கேன்."

"ஒறக்கமா வருது. பொறவு வா."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

கரீம் பாட்சா மகன் பெயரைச் சொல்ல முயன்றார். உதடு அசைந்தது. தொண்டையில் ஒன்றுமில்லை.

"நல்லாத்தான் இருக்கேன். போ."

கதவுக்கு அப்பால் நனைந்த செருப்பு ஒரு முறை நகர்ந்தது. போகாதே. போகாதே மக்கா.

"சரி வாப்பா. ஷைஸ்தா பிரியாணி குடுத்து விட்டிருக்கா. கதவுல மாட்டிட்டுப் போறேன். சூடா இருக்கு, சாப்பிடுங்க."

பை கதவுக் கைப்பிடியில் உரசும் சத்தம். காலடிகள். லிஃப்ட் கதவு திறந்தது. மூடியது.

சளப்.

அவர் முதுகில் இருந்த முதுகு விலகியது. குளிர்ந்தது. இருக்கை ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. பின்னால் இருந்தது திரும்பி உட்கார்ந்தது.

ஈரமான தாடை ஒன்று அவர் தோளில் வந்து படிந்தது. விலாவை ஒட்டி இரண்டு கைகள் முன்னால் நீண்டன. வெகுநாள் தண்ணீரில் கிடந்து வெளுத்து, தோல் சுருங்கிய கைகள். நகங்களுக்குள் கறுத்த சேறு. அவை அவசரமில்லாமல் அவருடைய விரல்களின் மேல் ஒவ்வொன்றாக மூடி, கைப்பிடியைப் பற்றி, இழுத்தன.