பதினாறாம் நம்பர் ஊசி

"ஐயோ... அண்ணே!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

தையல் மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தார் தையல்காரர். கழுத்தில் இஞ்ச் டேப். மூன்று சுற்று. மூச்சு இல்லை!

அலறிய தம்பியின் சட்டையை இன்ஸ்பெக்டர் கொத்தாகப் பிடித்தார். அவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கமிஷனர் வந்தபோது முதலில் தொப்பை சல்யூட் அடித்தது. பிறகு இன்ஸ்பெக்டர்.

"நாப்பதே நிமிஷம் சார்... கேஸ் க்ளோஸ்! பத்து மணிக்கு இவன் பட்டுத்துணி கொண்டாந்தான். அண்ணன் தைக்க உக்காந்தாரு. பின்னாலேர்ந்து நெரிச்சுட்டான். பாதி தைச்ச பச்சைப் பட்டு மெஷின்லயே நிக்குது பாருங்க!"

"துணியைக் குடுத்துட்டு உடனே போயிட்டேன் சார்! மறந்துபோன குடையை எடுக்கத்தான் திரும்பி வந்தேன். அண்ணி... நீங்களாவது சொல்லுங்க!"

அண்ணி கையில் சாப்பாட்டுக் கேரியர். இன்னும் கீழே வைக்கவில்லை. அழவும் இல்லை.

"மெஷின்ல இருக்கிறது பதினாறாம் நம்பர் ஊசி," என்றாள். யாருக்கோ சொல்வதுபோல.

"அதுக்கென்னம்மா?" கமிஷனர்.

"பட்டுக்குப் பதினொண்ணுதான் போடுவாரு. பதினாறு கெட்டித் துணிக்கு. இருபது வருஷத்துல ஒரு நாள்கூட மாத்திப் போட்டதில்ல. பாருங்க... பட்டு பூரா ஓட்டை."

"துக்கத்துல உளர்றாங்க சார்!"

"அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க ஐயா."

கமிஷனர் திருப்பினார்.

மேலே பச்சை நூல். கீழே... காக்கி!

"மேல் நூலை மாத்தின ஆளுக்கு, அடி நூலுக்குத் தனியா பாபின்னு ஒண்ணு இருக்கிறது தெரியல. என் வீட்டுக்காரர் கடைசியா தைச்சது காக்கி. பட்டுத்துணியைத் தைச்சது வேற யாரோ."

அறையில் காக்கி உடுப்பு நான்கு பேர். மூன்று பேர் நான்காமவரைப் பார்த்தார்கள்.

"நா... நான் இன்னிக்கு முன்னாடி இந்தக் கடைப் படியே ஏறினதில்ல!"

இன்ஸ்பெக்டரை யாரும் கேட்கவேயில்லை!

"பேண்ட் இடுப்பைப் பெருசாக்கினா, ஓரத்துல குறுக்கே மூணு தடவை தையல் ஓட்டுவாரு," என்றாள் அவள், அதே குரலில். "பெல்ட்டைக் கழட்டச் சொல்லுங்க."

பெல்ட் கழன்றது.

மூன்று கோடு. புத்தம்புது நூல்!

குட்டிப் பாக்கெட்டில் கமிஷனரின் விரல் எதிலோ இடறியது. போன மாதம் ஸ்டேஷன் லாக்கரிலிருந்து காணாமல்போன வைரம்.

"பாக்கெட்ல வெச்சதை மறந்து தைக்கக் குடுத்துட்டேன்... 'இது என்ன சார்?'னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு..."

அவள் கேரியரை மெல்லக் கீழே வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் ஓடினார்! மதில்மேல் தாவினார். இரண்டு கான்ஸ்டபிள்கள் பேண்ட்டின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

ஒரு இழைகூடப் பிரியவில்லை. ஆள்தான் கீழே வந்தார்.

கான்ஸ்டபிள் வியர்வையைத் துடைத்தார்.

"செத்தும் பிடிச்சுக் குடுத்துட்டாரு சார்... தையல்னா இதான் தையல்!"